மூச்சுக்கு ஒரு வழி

பலாபத்வலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒரு காலையில், அந்த முதியவரை நாம் திரும்பிப் பார்க்கச் செய்தது அவருடைய மூச்சின் ஒலிதான். பாதி சாத்திய கதவின் இடுக்கில் காற்று நுழைவது போன்ற சீறல். நாற்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். பீடி விடாத துணை. “சளிதான் மாஸ்டர், மழை விட்டா சரியாப் போயிரும்” என்றார். நாமும் நம்பினோம். எட்டு மாதங்கள் கழிந்தன.

சளியன்று. வலது நுரையீரலுக்குச் செல்லும் பெருங்குழாயை ஒரு புற்றுக்கட்டி அடைத்துக் கிடந்தது. வாய் வழியே குழாய் செலுத்தி, மின்சாரத்தால் அதைச் சுடப்போவதாக வைத்தியர் கூறியபோது நாம் நடுங்கினோம். அவர் பொறுமையோடு விளக்கினார்.

1897இல் ஜெர்மனியில் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு குடியானவரின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டைக் குழாய் வழியே எடுத்தார். 1926இல் அமெரிக்காவில் போவி அமைத்த மின்கருவியைக் கொண்டு குஷிங் மூளைக்கட்டியை அறுத்தார். 1960களில் ஜப்பானியரான இகேடா, வளைந்து செல்லும் கண்ணாடியிழைக் குழாயைத் தந்தார். இவர்களின் உழைப்பெல்லாம் ஒன்றுகூடியதே இச்சிகிச்சை. அதிவேகமாகத் திசைமாறும் மின்னோட்டத்தைத் திசு தடுக்கிறது. அத்தடையில் பிறக்கும் வெப்பத்தால் கட்டி வெந்து சுருங்குகிறது. இரத்தக் கசிவும் நிற்கிறது. லேசர்க் கருவியைவிட இதற்குச் செலவு குறைவு. ஆனால் பிராணவாயு மிகுந்தால் மூச்சுக்குழாயினுள்ளேயே தீப்பற்றக்கூடும். ஆகவே, மூச்சுக்குத் தவிப்பவருக்கே அதை நூற்றுக்கு 40 பங்குக்கும் கீழே குறைத்துக்கொண்டு சுடவேண்டும்.

மறுநாள் முதியவர் தலையணையைத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்திருந்தார். “காத்து இவ்வளவு லேசா மாஸ்டர்?” என்று கேட்டார். நமக்கு விடை வரவில்லை. வைத்தியர் நம்மிடம் எதையும் மறைக்கவில்லை: வழி திறந்துவிட்டது, நோய் நீங்கவில்லை, அது ஏற்கெனவே பரவிவிட்டது. குழாயின் உட்சுவரில் மேலோட்டமாக இருந்த காலத்தில் கண்டிருந்தால், இதே வெப்பம் அதை முற்றாக அழித்திருக்கவும் கூடும். ஐந்து மாதங்களின் பின் அவர் மறைந்தார். மூச்சுத் திணறாமல் மறைந்தார் என்பதும் சிறிய காரியமன்று.

1951இல் இந்நாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. மக்கள் பெற்ற பெரும்பேறு அது. ஆயின், நாட்கூலியை இழந்து, மலையிறங்கி, பஸ் ஏறி அங்கே போய்ச் சேரும் செலவை லயத்து மனிதன் தானே சுமக்கிறான். அதற்கு அஞ்சித்தான் தன் நோய்க்குச் சளி என்று பெயரிட்டுக்கொள்கிறான். அவன் அறியாமையை மட்டும் பழிப்பது நியாயமா? எழுத்தறிந்த நாமும் எட்டு மாதங்கள் அதே பெயரைத்தானே ஏற்றுக்கொண்டோம்?

இப்போது நம் வகுப்பில், மூன்று வாரம் கடந்தும் இருமும் தந்தையோ பாட்டனோ வீட்டில் உண்டா என்று பிள்ளைகளிடம் கேட்கிறோம். கை உயர்ந்தால், அன்று மாலையே அந்த லயத்துக்கு நடக்கிறோம்.