மூன்று இராயப்பன்கள்

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாட்கள் முன்னதாக, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வந்த ஒரு மூதாட்டி நமது பங்கு இல்லத்தின் திண்ணையில் வந்து அமர்ந்தார். எழுபது வயதைக் கடந்தவர். கையில் நெகிழிப் பையில் பத்திரப்படுத்திய ஒரே ஒரு தாள். துணைக்கு வந்த பேத்தி ஆங்கிலத்தில் விவரம் சொன்னாள். பாட்டியின் பாட்டனார் பிறந்த பங்கு எதுவென்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அதற்கு முன் இரண்டு பங்குகளில் விசாரித்துவிட்டே வந்திருந்தார்கள். அங்கெல்லாம் ஏடுகள் இருபதாம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் நமது பங்கில் பழைய ஏடுகள் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் அந்த ஏடுகளுக்குத் துணி போர்த்தி, வேப்பிலை வைத்துக் காவல் காப்பது நமது வேலையாகிவிட்டபடியால், பங்குத்தந்தை அவர்களை நம்மிடம் அனுப்பி வைத்தார்.

அந்தத் தாள் கப்பல் பட்டியலின் படி. 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16-இல் டர்பன் துறையை அடைந்தது முதல், 1911 வரை, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறையிலிருந்து ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதி வைத்தார்கள். மனிதரைச் சரக்காக எண்ணிய துரைத்தனத்தின் கணக்குப் புத்தகம், இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரைத் திருப்பிக் கொடுக்கும் ஆவணமாக இருப்பதை எண்ணி நாம் சற்று நேரம் வாளாவிருந்தோம்.

தாளில் இருந்தது இதுதான்: பெயர் இராயப்பன், தகப்பன் பெயர் சவரி, வயது 22, சாதி 'கிறிஸ்தவன்', ஜில்லா தென்னார்க்காடு, தாலுகா திண்டிவனம். கப்பல் ஏறிய ஆண்டு 1882. கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதியிருந்தார். கடைசியில் 'பாக்கம்' என்பது மட்டும் தெளிவு. திண்டிவனம் வட்டாரத்தில் பாக்கம் என்று முடியும் ஊர்களை எண்ணத் தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடும். பேத்தியோ தன் கைப்பேசியில் தென்னார்க்காடு எங்கே என்று தேடித் தேடி அலுத்திருந்தாள். 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று, 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்தது, தென்னார்க்காடு என்ற பெயரே வரைபடத்தை விட்டு மறைந்துவிட்டது என்று நாம் விளக்கியபோது, "அப்படியானால் நாங்கள் தேடிவந்த மாவட்டம் எங்களுக்கு முன்பே கப்பலேறிவிட்டதா?" என்று சிரித்தாள்.

இந்தத் தேடலுக்குத் தூண்டுகோல் யார் தெரியுமா? டர்பனில் மூதாட்டியின் பக்கத்து வீட்டுக்காரர், அயர்லாந்து வழிவந்த ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த நோயால் அந்நாட்டில் பெரும் பஞ்சம் மூண்டு, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று உலகெங்கும் இருந்துகொண்டு தங்கள் முன்னோரின் பங்கைத் தேடுகின்றனர். 1922-இல் டப்ளின் நகரில் அரசு ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளோ அந்தந்தப் பங்குகளிலேயே இருந்தமையால் பிழைத்தன. அந்த ஏடுகளின் படிமங்களை அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015-இல் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி கணினியில் ஏற்றிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மையார் ஒரே மாலைப் பொழுதில், தேநீர் ஆறுவதற்குள், தம் கொள்ளுப்பாட்டனின் திருமுழுக்குப் பதிவைக் கண்டுபிடித்துக் காட்டினாராம். "அவளுடைய ஆட்களும் பஞ்சத்தில் ஓடியவர்கள்தாம், என்னுடைய ஆட்களும் பஞ்சத்தில் ஓடியவர்கள்தாம், எனக்கு மட்டும் ஏன் கிடைக்காது?" என்பது மூதாட்டியின் கேள்வி. நம்மிடம் மறுமொழி இல்லை. நம் ஏடுகளுக்கு வேப்பிலைதான் கணினி.

ஏடுகளை இறக்கினோம். உதவிக்கு ஓய்வுபெற்ற உபதேசியாரை அழைத்தோம். எண்பத்து மூன்று வயது. ஊரின் ஏழு தலைமுறையும் அவருடைய நாவில். மூதாட்டி அவரைக் கண்டதும் எழுந்து, எதற்காகவோ சிலுவை அடையாளம் வரைந்து, தமக்குத் தெரிந்த ஒரே தமிழை உரக்கச் சொன்னார். அதில் பரிசுத்த ஆவி என்ற சொல் இல்லை. 'இஸ்பிரீத்து சாந்து' என்றிருந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் நம் முன்னோரின் வாயில் ஏறிய சொல். நம் பங்கில் அதைச் சொல்வோர் எவரும் இன்றில்லை. உபதேசியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க அப்பாயி சொன்ன மாதிரியே சொல்லுறீங்களே, தாயி" என்றார். அவர் சொன்னது மூதாட்டிக்குப் புரியவில்லை, பேத்திக்கும் புரியவில்லை, இருவரும் அழுதார்கள்.

பழைய ஏடுகளைப் பார்த்திராத அன்பர்களுக்கு ஒரு சொல். நம் பகுதியில் பணியாற்றிய பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் இலத்தீனில் எழுதினார்கள். தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு ஒலிமுறையில் எழுதினார்கள். திருத்தூதர் பேதுருவை நாம் இராயப்பர் என்றோம்; பவுலைச் சின்னப்பர் என்றோம்; யோவானை அருளப்பர் என்றும், ஸ்தேவானை முடியப்பர் என்றும், யோசேப்பைச் சூசையப்பர் என்றும் அழைத்தோம். ஆகவே ஒரே ஆள் கோவிலில் பேத்ருஸ், வீட்டில் இராயப்பன், நேட்டாலில் 'ராயெப்பன்'. அங்கே தகப்பன் பெயரும் மகன் பெயரும் இடம் மாறிக் குடும்பப் பெயராகவே உறைந்துவிட்டன. ஒப்பந்தக் கூலிப் பெற்றோருக்கு நேட்டாலில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று வழக்குரைஞராகி, 1910-இல் காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்ற ஜோசப் ராயப்பனின் பெயரை வரலாற்றில் படித்திருப்பீர்கள். அந்தப் பெயரை நேட்டாலின் வெள்ளைக்கார எழுத்தர் எழுதிய விதத்தில் கண்டால் அது நம் ஊர்த் தெருவில் கூப்பிடும் பெயர் என்று எளிதில் தோன்றாது.

மூன்று நாட்கள் தேடினோம். கிடைத்தவை மூன்று. முதலாவது, 1859-இல் திருமுழுக்குப் பெற்ற இராயப்பன், தகப்பன் சவரி, ஊர்த்தெரு, நிலபுலம் உள்ள குடும்பம் என்று உபதேசியார் ஞானப்பெற்றோரின் பெயர்களைக் கொண்டே சொல்லிவிட்டார். இரண்டாவது, 1861-இல் ஒரு குழந்தை இராயப்பன், தகப்பன் சவரிமுத்து. மூன்றாவது பதிவு 1877-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தாது வருஷப் பஞ்சத்தின் கொடிய நாட்கள். சேத்துப்பட்டுப் பக்கம் தராஸ் அடிகளாரிடம் திரள் திரளாக மக்கள் மனந்திரும்பி வந்தனர் என்று நாம் படிக்கிறோமே, அதே காலம். ஒரே நாளில், ஒரே கையெழுத்தில், பக்கம் பக்கமாகத் திருமுழுக்குகள். அவர்களுள் ஏறத்தாழப் பதினேழு வயதுள்ள ஓர் இளைஞன் இராயப்பன். அவனோடு அதே நாளில் திருமுழுக்குப் பெற்ற தகப்பனுக்குச் சவரி என்று பெயர். அதற்கு முன் அவர்களுக்கு இருந்த பெயர்களை யாரும் எழுதவில்லை. ஓரத்தில் 'சேரி' என்று மட்டும் இருந்தது.

இறப்பு ஏட்டைப் புரட்டினோம். குழந்தை இராயப்பன் 1863-இல் அடக்கம் செய்யப்பட்டிருந்தான். மற்ற இருவருக்கும் அடக்கப் பதிவு இல்லை, திருமணப் பதிவும் இல்லை. வேற்றூரில் மணம் முடிப்போரின் செய்தியைத் திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தில் குறிக்க வேண்டுமென்று திருச்சபை சட்டம் வகுத்தது 1907-இல்தான். அது நடைமுறைக்கு வந்தது 1908 உயிர்ப்புப் பெருவிழாவில். அதற்கு முன் கடல் கடந்தவர்களுக்கு ஓரக் குறிப்பும் கிடையாது. பிறந்தவனுக்கு ஏடு உண்டு, மணந்தவனுக்கு ஏடு உண்டு, இறந்தவனுக்கு ஏடு உண்டு. புறப்பட்டுப் போனவனுக்கு எந்தப் பங்கிலும் ஏடு இல்லை. சுற்றுப்புற ஊர்களிலிருந்து பாண்டிச்சேரித் துறை வழியே ரீயூனியனுக்கும், மார்த்தினிக்குக்கும், குவாதலூப்புக்கும் போனவர்களும் இவ்வாறே மறைந்தார்கள். அந்த ஏட்டில் முதல் பதிவுக்குப் பின் ஒன்றுமே எழுதப்படாத பெயர்களை அன்று முதன்முறையாக வேறு கண்ணோடு பார்த்தோம். இத்தனை ஆண்டுகள் அவற்றை எழுத்தரின் சோம்பல் என்றே எண்ணியிருந்தோம்.

நான்காம் நாள் ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. வெளிநாட்டிலிருந்து உறவு வந்திருக்கிறதென்று ஊர்த்தெருவிலிருந்து ஒரு குடும்பம் பலகாரத்தோடு வந்தது. இராயப்பன் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பியாக இருக்க வேண்டுமென்று அவர்களுக்கு ஆசை. சற்று நேரத்தில் காலனியிலிருந்து ஓர் இளைஞர் வந்து, வாசலில் நின்றபடியே, தங்கள் வீட்டிலும் அக்கரைக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிப் பேச்சு உண்டு என்றார். உட்காரச் சொன்னோம். அவர் உட்காரவில்லை. வந்திருந்த பெரியவர் ஒருவர் மூதாட்டியைப் பார்த்து, "அம்மா எந்தத் தெருக்காரங்க?" என்று கேட்டார். பேத்தி மொழிபெயர்க்கச் சொன்னாள். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் மொழிபெயர்ப்புக் கற்பித்த நாம், அந்த ஒரு கேள்வியை மொழிபெயர்க்கத் தெரியாதவர் போல் நின்றோம். உண்மை என்னவென்றால், தெரிந்தது, வெட்கமாயிருந்தது.

உபதேசியார் சொன்னார்: "ரெண்டாயிரம் மைலுக்கு மேல கடல் கடந்து வந்தவங்ககிட்ட நூறு கெஜத்துக் கணக்கா கேக்குறது?" பெரியவர் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் அவர் பலகாரத் தட்டை நகர்த்தி வைத்த விதத்தை நாம் கவனித்தோம்.

மாலையில் மூதாட்டி தாமாகவே கேட்டார். மறைக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னோம். மூன்றாவது இராயப்பன்தான் பெரும்பாலும் அவருடைய பாட்டனார் என்பது நமது கணிப்பு என்றும் சொன்னோம். பஞ்சம் முடிந்த சில ஆண்டுகளில், இருபதைக் கடந்த வயதில், கையில் நிலமற்றவன் போவதே இயல்பு. ஆனால் ஊர்த்தெரு இராயப்பனும் கடனுக்கோ வழக்குக்கோ தப்பிப் போயிருக்கலாம். அறுதியிட்டுச் சொல்ல ஏட்டில் சான்று இல்லை. அவர் தம் தாளை எடுத்து, 'கிறிஸ்தவன்' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "அந்தக் கப்பல் எழுத்தரிடம் என் தாத்தா இப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாததை நான் ஏன் திருத்த வேண்டும்?" என்றார். பிறகு, அங்கே தம் குடும்பத்தார் ஞாயிறு திருப்பலிக்குச் சென்ற கோவிலைப் பற்றியும், தமிழ் பயின்று அக்காலக் கூலி மக்களிடையே உழைத்த சபோன் அடிகளாரைப் பற்றித் தம் பாட்டி சொன்னவற்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். தெருவைப் பற்றி மறுபடி பேச்சு எழவில்லை.

பழைய ஏடுகளைக் கவனமாகப் பேணவேண்டுமென்பது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 535-ஆம் விதி. அதைப் பங்குப் பேரவையில் பலமுறை வாசித்துக் காட்டி இரும்பு அலமாரி கேட்டிருக்கிறோம்; ஒலிபெருக்கி வாங்கினார்கள். இந்த நிகழ்ச்சிக்குப் பின் அலமாரி வந்துவிட்டது. பக்கங்களைப் படமெடுத்து வைக்கும் வேலையையும் பங்கின் இளைஞர்கள் தொடங்கியிருக்கிறார்கள். அன்று வாசலில் நின்ற காலனி இளைஞர்தாம் படமெடுக்கிறார். 1877-ஆம் ஆண்டின் பக்கங்களில் தம் வீட்டாரின் பெயர்களைக் கண்ட அன்று அவர் உணவு கொள்ளாமலே வேலை செய்தார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்திய நாள் மூதாட்டி திருப்பலிக் கருத்து எழுதிக்கொடுக்க வந்தார். எந்த இராயப்பனுக்காக என்று கேட்டோம். இருவருக்காகவும் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இறந்துபோன அந்தக் குழந்தையையும் சேர்க்கச் சொன்னார். அவனைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். உபதேசியார் கருத்துப் புத்தகத்தில் நடுங்கும் கையால் எழுதினார்.

மறுநாள் காலை இளங்குருவானவர் இறந்தோர் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, "இராயப்பன், இராயப்பன், இராயப்பன்" என்றார். முன்வரிசையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி, சாமியார் வரியைத் தவறவிட்டுத் தடுமாறுகிறார் என்று எண்ணித் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.