கோணல் மரம் தேடுகிறவர்கள்

கடலூர் முதுநகரில் விசைப்படகு கட்டும் ஆசாரிமார் மரம் பார்க்கப் போனால் நேர்மரத்தோடு அவர்கள் வேலை முடிவதில்லை. அடியில் நீளக் கிடக்கும் ஏராக்கட்டைக்கும் பக்கப் பலகைகளுக்கும் நேர்மரம் வேண்டும். படகின் விலாக்களாக நிற்கும் வங்குகளுக்கோ கோணல் மரம்தான் வேண்டும். வாகையோ வேம்போ கருவேலமோ, எந்தக் கிளை வளரும்போதே வளைந்து வளர்ந்ததோ அதுவே நல்ல வங்கு. நேர்மரத்தை வளைவாக அறுத்தெடுத்தால் அதன் இழை குறுக்கே வெட்டுப்படும். அலை அறையும்போது அந்த இடத்தில்தான் முதலில் பிளக்கும். வளைந்து வளர்ந்த கிளையில் இழையும் வளைவோடு சேர்ந்து ஓடும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் ஆசாரி. கையில் வைத்திருந்த வேப்பங்கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வலப்பக்கத்துக்கு ஆவும் டீச்சர். இதுக்கு ஜோடிதான் இன்னும் கெடைக்கல" என்றார். வீட்டுக் கதவுக்கும் நாற்காலிக்கும் ஆகாதென்று தச்சர் கழித்த மரங்கள் அவர் பட்டறையில் ஓரமாக அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் எந்த இடத்துக்கு என்று அவருக்கு மனப்பாடம்.

மட்டக்களப்பில் தாழங்குடா என்னும் கடற்கரை ஊரில் ஆசிரியப் பயிற்சி பெறுகிறவள் நான். பரிமாற்ற ஏற்பாடு ஒன்றில் ஒரு பருவம் சிதம்பரத்தில் படிக்க வந்தேன். கடலூரிலும் ஒரு தாழங்குடா இருக்கிறது என்று வந்த பிறகுதான் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் இந்த இரண்டு மாவட்டங்களின் கரைகளையும் ஒரே காலையில் அழித்தது. அதனால்தானோ என்னவோ, முதுநகரில் நான் எந்த ஊர் என்று சொன்னதும் யாரும் போரைப் பற்றிக் கேட்கவில்லை, சுனாமியைத்தான் கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தவர்களுக்குச் சிதம்பரம் புதிய ஊரல்ல. ஆறுமுக நாவலர் 1864இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது; இரண்டு ஆண்டுகளில் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவரும் கொழும்பில் பயிற்சி பெற்ற ஆசிரியர்தான். தனிநாயகம் அடிகள் 1940களில் இங்கே தமிழ் படித்தார். இத்தனை பெரியவர்கள் நடந்த வளாகத்தில் எனக்குக் கிடைத்த ஒப்படை வேறு மாதிரியானது. பக்கத்து ஊர்த் தொழில் ஒன்று எப்படிக் கைமாறுகிறது என்பதை நேரில் பார்த்து எழுதவேண்டும். மற்றவர்கள் குறிஞ்சிப்பாடித் தறிகளைப் பார்க்கப் போனார்கள். வாவியோரம் வளர்ந்த நான் படகைத் தேடி வந்தேன்.

சிதம்பரத்திலிருந்து ரயிலில் கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் கடந்தால் கடலூர் துறைமுகச் சந்திப்பு. முதுநகர் அங்கேயே தொடங்குகிறது. உப்பனாறும் பரவனாறும் கடலைச் சேரும் முகத்தில் துறைமுகம். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி. ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் தமக்கென்று எடுத்துக்கொண்ட நிலம் இது. இன்று ஊரின் உயிர் மீன்தான். தெற்கே ஆற்றின் மேல்கரையில் சிப்காட் இரசாயனத் தொழிற்சாலைகள். 1980களில் அவை வந்த பிறகு ஆற்றுமீன் போச்சு என்று துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மாமார் ஒருவர் தவறாமல் சொன்னார்கள். அந்தக் குரல்களில் இருந்த கோபம் என்னைவிட்டு இன்னும் போகவில்லை.

நான் போனது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீனவர்களுக்கு வருமானம் நின்றுபோகும் அந்த நாட்களில்தான் ஆசாரிமாருக்கு நிற்க நேரமில்லாத வேலை. கரையேற்றிய படகுகளின் அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவார்கள், புழு அரித்த பலகையைக் கழற்றிப் புதுப்பலகை போடுவார்கள், ஆணி மாற்றுவார்கள், சாயம் பூசுவார்கள். இவற்றுக்கு நடுவே ஒரு புதுப்படகும் எழுந்துகொண்டிருந்தது. ஐம்பதடிக்குமேல் நீளம். ஏராக்கட்டை போட்டு, அணியத்தில் முன்கால் நிறுத்தி, வங்குகள் பாதிவரை ஏறியிருந்தன.

"வரைபடம் எங்கே ஐயா?" என்று கேட்டேன். படகைக் கையால் காட்டினார்.

அவர்கள் செய்யும் முறை இது. நீளமும் அகலமும் உரிமையாளரோடு பேசி முடிவாகும். முதலில் முன்கால், பின்பக்கம், நடு வங்கு மூன்றையும் நிறுத்துவார்கள். இந்த மூன்றும் சரியாக நின்றால் பாதிப் படகு முடிந்த மாதிரி. பிறகு ரீப்பர் எனப்படும் மெல்லிய நீளச் சட்டத்தை முன்காலிலிருந்து நடு வங்கின் மேல் வளைத்துப் பின்பக்கம்வரை கொண்டுபோய்க் கட்டுவார்கள். அந்தச் சட்டம் தன் இயல்பில் எப்படி வளைகிறதோ அதுதான் படகின் வளைவு. இடையில் வரவேண்டிய ஒவ்வொரு வங்கும் அந்த ரீப்பரைத் தொடும் அளவுக்குச் செதுக்கப்படும். அளவெல்லாம் அடி, அங்குலம், நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் அகலம் அதிகமாகச் செதுக்கிவிட்டால் மேலே வரும் பலகை அந்த இடத்தில் வங்கில் உட்காராது.

ஐடிஐ முடித்த ஓர் இளைஞன் அங்கே வேலை பழகிக்கொண்டிருந்தான். ஒரு வங்கின் வெளிமுகத்தை வாய்ச்சியால் செதுக்கி, இழைப்புளியால் மட்டம் தட்டிவிட்டு ஆசாரியைப் பார்த்தான். என் பயிற்சி வகுப்பில் பிள்ளைகள் கொப்பியை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பதும் இப்படித்தான். ஆசாரி அவன் முகத்தையும் பார்க்கவில்லை, வங்கையும் பார்க்கவில்லை. "ரீப்பர வை" என்றார். வைத்தான். "குனிஞ்சி பாரு. வெளிச்சம் தெரிதா?"

சட்டத்துக்கும் வங்குக்கும் நடுவே ஓரிடத்தில் மெல்லிய கோடாக ஆற்றின் வெளிச்சம் தெரிந்தது. அங்கே இரண்டு நூல் பள்ளம். இன்னோரிடத்தில் சட்டம் தூக்கி நின்றது, அங்கே மேடு. இளைஞன் பென்சிலால் மேட்டில் தானே குறி போட்டான். பள்ளத்தைப் பார்த்து உதட்டைக் கடித்தான். பள்ளத்தை நிரப்ப வழியில்லை, சுற்றியுள்ள மேடு முழுவதையும் இறக்கவேண்டும், இல்லையென்றால் வங்கையே மாற்றவேண்டும். ஆசாரி அதற்குள் வேறு படகடிக்குப் போய்விட்டார்.

அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். பாடத்திட்டம் எழுதும்போது நாங்கள் நோக்கம், செயற்பாடு, மதிப்பீடு என்று கட்டம் போடுகிறோம். மதிப்பீடு என்னும் கட்டத்தில் எப்போதும் இருப்பது ஆசிரியரின் கண்ணும் சிவப்பு மையும்தான். இங்கே பிழையைக் காட்டியது ரீப்பர். ஆசாரி சொல்லிக் காட்டியிருந்தால் அந்த இளைஞன் அவரிடம் கோபித்திருக்கலாம், பயந்திருக்கலாம், சமாளித்திருக்கலாம். சட்டத்திடம் எதையும் சமாளிக்க முடியாது. பிறகு இதைப் பற்றி ஆசாரியிடம் கதைத்தபோது, "நான் சொன்னா எனக்காகச் செய்வான். நாளைக்கு நான் இல்லன்னா?" என்று மட்டும் சொன்னார்.

வங்குகளின் மேல் பலகை ஏறிய பிறகு கலப்பத்து வேலை. அதற்குத் தனி ஆட்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவேயுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை மழுங்கிய உளியால் கொட்டாப்புளி கொண்டு அடித்து இறக்குகிறார்கள். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துப் பூசுகிறார்கள். ஆணித்தலைகளிலும் பஞ்சு சுற்றுகிறார்கள். மரத்தைக் கப்பல்புழு அரிக்காமலிருக்க முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசும் வழக்கம் இந்தக் கரையில் பழையது. பண்ருட்டி முந்திரிக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. அந்த எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துபோகும். ஒரு கலப்பத்துக்காரரின் விரல்கள் முழுவதும் பழைய கருந்தழும்புகள். பஞ்சு நிறைய நிறைய அடியின் ஓசை மாறுகிறது. முதலில் பொத்தலான சத்தம், பிறகு கெட்டியான சத்தம். எந்தச் சத்தத்தில் நிறுத்தவேண்டும் என்று கேட்டேன். அவர் என் கையில் கொட்டாப்புளியைக் கொடுத்தார். அடித்துப் பார்த்தால்தான் விளங்கும் என்பது அவர் பதில்.

இந்தப் படகைப் போல இனி எத்தனை கட்டுவார்கள்? சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஃபைபர் படகுகள் கரை முழுவதும் வந்து நிறைந்தன. அச்சில் கண்ணாடி இழைப்பாயை விரித்து ரெசின் பூசினால் கூடு ஆகிவிடும். அச்சு செய்தவனுக்கு மட்டும் வளைவு தெரிந்தால் போதும். பெரிய போட்டுகளை இப்போது இரும்பிலும் கட்டுகிறார்கள். மரமோ விலை ஏறிவிட்டது. பழக வருகிறவர்களும் குறைவு. ஆசாரியின் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் பொறியியல் படித்து வெளியூரில் வேலை, மற்றவர் தாதி. "நான்தான் வேணாம்னேன். முட்டியும் முதுவும் போன பெறகு இந்தத் தொழில்ல யாரும் ஒன்னும் குடுக்க மாட்டாங்க" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது பெருமை. அவருடைய பிள்ளைகளைப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டது பள்ளிக்கூடம். நான் போகப்போகிற தொழில்.

ஒப்படை பற்றிய கலந்துரையாடலில் மாணவர் ஒருவர், இத்தொழில்களைக் காப்பாற்ற அந்தந்தக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளிநேரத்தில் பாதிநாள் பட்டறைக்கு அனுப்பலாமே என்றார். வகுப்பே கொதித்தது. எனக்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலகி, காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டு கழித்தும் அந்தப் பெயரைக் கேட்டதும் என் வகுப்புத் தோழிகளின் முகம் சிவக்கிறது. அவர்கள் கோபம் முழுவதும் நியாயமானது. ஆசாரியின் பிள்ளை ஆசாரியாகவும் மீனவரின் பிள்ளை மீனவராகவும் இருக்கட்டும் என்று ஓர் அரசு சொல்வதைவிடப் பெரிய அநீதி எது?

எங்கள் நாட்டில் 1972 சீர்திருத்தம் வேறொரு வழியில் போனது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தொழில் முன்னிலைப் பாடங்கள் என்று வைத்தார்கள். அம்மம்மா அந்தக் காலத்தில் பன்வேலை படித்ததாகச் சொல்வா. பாடத்தை எடுத்தவருக்கே பின்னத் தெரியாது என்றும் சொல்வா. 1977இல் ஆட்சி மாறியதோடு அதுவும் மங்கிப்போனது. இரண்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன். பட்டறையில் உள்ள அறிவு கணிதமும் பௌதிகமுமாக எல்லாப் பிள்ளைகளின் வகுப்பறைக்கும் வரவேண்டும். டாக்டரின் பிள்ளையும் ரீப்பர் வைத்துக் குனிந்து பார்க்கவேண்டும். அதைக் காட்டித் தர, அந்தத் தொழில் தெரிந்த கைதான் வகுப்புக்கு வரவேண்டும். அதற்கு அந்தக் கைக்கு ஓர் ஆசிரியருக்குரிய சம்பளமும் மரியாதையும் கொடுக்கவேண்டும்.

சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க அனுமதி கிடைத்தது. பலகையில் வளைவாக ஆணிகள் அடித்து, ஒன்றிரண்டை வேண்டுமென்றே விலக்கி அடித்து, மெல்லிய மூங்கில் சிம்பைக் குழுக்குழுவாகக் கொடுத்தேன். சிம்பை ஆணிகளின்மேல் வளைத்துவைத்து, எந்த ஆணி வழி தவறி நிற்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் "சரியா மிஸ்?" என்று என்னிடமே வந்தார்கள். "சிம்பை வைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். பாடம் முடியும்முன் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கண்ணைப் பலகைக்குச் சமமாக இறக்கி வெளிச்சம் பார்க்கத் தொடங்கினார்கள். பின்வரிசையில் யாரோடும் பேசாத ஒரு பையன் மூன்று குழுக்களின் ஆணியையும் கண்டுபிடித்துக் கொடுத்தான்.

இதை முதுநகருக்குப் போய் ஆசாரியிடம் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"ஆணி அடிச்சது யாரு?"

"நான்தான் ஐயா."

"அப்ப வளைவு உங்களுது. புள்ளைங்க உங்க வளைவக் கண்டுபுடிச்சிருக்காங்க. மூணு ஆணி மட்டும் அடிச்சிக் குடுங்க டீச்சர், முன்ன ஒன்னு, நடுவுல ஒன்னு, பின்ன ஒன்னு. மத்தத அவங்க அடிக்கட்டும். நடு ஆணிய அரை அங்குலம் வெளிய தள்ளுனா படகு எப்பிடி மாறுதுன்னு அவங்களே பாக்கட்டும்."

அடுத்த பாடத்தை அவர் சொன்னபடியே செய்தேன். ஒரே மூன்று ஆணிகளில் ஆறு குழுவும் ஆறு விதமாக நடு ஆணியை நகர்த்தின. எந்தப் படகு அதிகம் சுமக்கும், எது வேகமாகப் போகும் என்று பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். மணி அடித்தும் வெளியே போகவில்லை. அந்தச் சண்டைக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குப் படகு தெரியாது. தெரிந்தவரை வகுப்புக்கு அழைத்துவர அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு கட்டுகிற ஓடாவியார் யாரையாவது கண்டு, நடு வங்கை அவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று முதலில் கேட்கவேண்டும்.