எட்டு இழைப் பெட்டி

மாரி ஓய்ந்து வெயில் ஏறும் பங்குனியில்தான் பனங்குருத்தோலைக்கு நல்ல காலம். வடகீழ்ப் பருவமழைக்குள் வெட்டிய ஓலை பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போகும். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறிப் பட்டால், அதே ஓலை வெளுத்து, மடித்தாலும் முறியாத பதத்துக்கு வரும். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் களுவாஞ்சிக்குடியில் பெட்டி இழைப்பவர்களின் முற்றங்களில் ஓலை விரிந்து கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவே கல்முனை வீதி. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கும் பெரியம்மா ஒருவரின் வீட்டுக்கு ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவருடன் போனேன். தரம் மூன்று பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து கணிதம் படிக்க ஏதாவது வேண்டும் என்பதுதான் ஆசிரியை தேடி வந்தது.

"செய்யலாம் மனே. முதல்ல ஓலையத் தொட்டுப் பழகட்டும்" என்றார் பெரியம்மா.

ஓலையின் நடுவிலிருந்து ஈர்க்கைக் கிழித்துத் தனியே போட்டார். ஆசிரியை அவற்றை ஒரே நீளமாக முறித்துப் பத்துப் பத்தாகக் கட்டத் தொடங்கினார். ஒன்றினிடம், பத்தினிடம் படிப்பிக்க இதைவிட மலிவான பொருள் வேறு இல்லை. பெரியம்மா ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்தார். அளவுகோல் இல்லை, பெருவிரல் நகந்தான் அளவு. ஓர் இழை அகலம் கூடினாலும் பெட்டி கோணிக்கொள்ளும் என்பதால், வார்வதில்தான் அவருக்கு அதிகக் கவனம். சாயம் காய்ச்சிப் போட்ட சிவப்பு இழை எட்டும் வெள்ளை இழை எட்டும் எடுத்து, தண்ணீர் தெளித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கோத்தார். எட்டுக்கு எட்டு, சிவப்பும் வெள்ளையும் மாறி வரும் 64 கட்டங்கள். பெருக்கல் வாய்ப்பாட்டில் ஒரு வரி நிலத்தில் கிடந்தது.

அடுத்து நடந்ததைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் மூலை, இழைத்த தட்டின் மூலையில் வருவதில்லை. தட்டின் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும், நாலு இழையை இந்தப் பக்கமும் நாலு இழையை அந்தப் பக்கமும் பிரித்து, ஒன்றையொன்று குறுக்கே கோத்து இறுக்குகிறார். மூலை எழும்புகிறது. நான்கு பக்கமும் அப்படிச் செய்ததும் தட்டின் மூலைகள் நிமிர்ந்து சுவராகிவிடுகின்றன. அடியில் மிஞ்சுவது சாய்ந்து கிடக்கும் ஒரு சதுரம். எண்ணிப் பார்த்தோம்: முழுக் கட்டம் 24, குறுக்கே மடிந்த அரைக் கட்டம் 16. அரைகளைச் சோடி சேர்த்தால் எட்டு. ஆக 32, முதல் இருந்ததில் சரிபாதி. பரப்பளவு, பின்னம், சமச்சீர் மூன்றும் அந்த ஒரு மடிப்புக்குள் இருக்கின்றன. பெரியம்மாவுக்கு இது புதினமில்லை. "அடி பெரிசா வேணுமெண்டா இழையைக் கூட்டித்தான் தொடங்கணும்" என்றவர், எவ்வளவு கூட்டவேண்டும் என்பதையும் சொன்னார்.

மொசாம்பிக்கில் கற்பித்த கணிதவியலாளர் பவுலஸ் கெர்டஸ், அந்த நாட்டு இன்ஹம்பானே மாகாணத்தில் ஓலையால் பின்னும் 'சிப்பாட்சி' கைப்பைகளின் கோலங்களை ஆராய்ந்து, அவற்றில் இருப்பது முழுமையான கணிதச் சிந்தனை என்று எழுதினார். ஜேர்மனியில் 1837 இல் சிறுவர் நிலையம் தொடங்கிய புரோபல், கடதாசிக் கீற்றுகளைப் பாய்போலப் பின்னுவதைத் தன் செயற்பாடுகளில் ஒன்றாக வைத்தார். இலங்கையில் நம் ஆரம்பக் கல்வியும் 1999 இன் சீர்திருத்தத்தோடு விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. ஆகவே ஓலை வகுப்பறைக்குள் வரத் தடை எதுவும் இல்லை. ஆனால் பல இடங்களில் கைப்பணி என்றால் தவணை முடிவுக் கண்காட்சிதான். பெற்றோர் செய்துகொடுத்த அழகான பொருளைப் பிள்ளை தூக்கிக்கொண்டு வருகிறது. அதில் பிள்ளை கற்றது ஒன்றுமில்லை. கோணிப்போன பெட்டி ஒன்றைத் தானே இழைத்த பிள்ளைதான் அகலம் ஏன் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அறிந்திருக்கும். இழைப்பவரை வளவாளராக அழைத்து அதற்குரிய கொடுப்பனவைக் கொடுப்பதும் முறை. சந்தையில் அவர் பெட்டிக்குக் கிடைக்கும் விலை, ஓலை வார்ந்த நேரத்துக்குக்கூடக் காணாது.

ஓலைக்கும் தட்டுப்பாடு இருக்கிறது. பனை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டசின் ஓலைதான் விடும். குருத்தை அடிக்கடி வெட்டினால் மரம் நலிந்துபோகும். 1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை கைப்பணிப் பயிற்சி கொடுத்துவருகிறது. ஆனால் மரமேற ஆள் வேண்டுமே! பெரியம்மாவுக்கு ஏறிக் கொடுப்பவருக்கும் வயதாகிவிட்டது. வகுப்புக்கு வேண்டியதைத் தென்னங்குருத்தில் பழகலாம் என்று பெரியம்மாவே வழி சொன்னார். அது சீக்கிரம் வாடும், ஆனால் கைக்கு மெதுவாக இருக்கும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அதுவே போதும்.

புறப்படும்போது ஆசிரியை, ஒரு பாடவேளைக்குள் பெட்டி முடியுமா என்று கேட்டார்.

"முடியாது. ஒருநாள் தட்டு, மத்தநாள் மூலை. இடையில ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்க. மூலை கட்டுற நாளைக்கு நான் வாறன், அதுதான் பிள்ளைகளுக்குச் சிக்குப்படும்."

சித்திரை விடுமுறை முடிந்து இரண்டாந் தவணை தொடங்கும் கிழமைக்கு அடுத்த கிழமை என்று இருவரும் நாள் பேசிக்கொண்டார்கள்.