பழி ஓரிடம்

சிலந்தி என்றதும் வலையே நம் நினைவிற்கு வரும். திருவானைக்காவில் ஈசனுக்கு வலைப்பந்தல் இட்ட சிலந்தி மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாயிற்று என்பது புராணம். ஆனால் வலைவிரித்து இரைதேடாத சிலந்திகளும் உள. பெங்களூர் விவேக் நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வெயில்படு சுவரில் பகலெல்லாம் உலவும் தாவும் சிலந்தி அவ்வகையது.

மெனிமெரஸ் பைவிட்டாட்டஸ் என்பது அறிவியலார் வழங்கும் பெயர். 1831இல் துஃபூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை விவரித்தார். நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். தட்டையான சாம்பல்நிற உடல். பெண்ணுக்கு இருமருங்கும் கருங்கோடுகள்; ஆணுக்கு நடுமுதுகில் ஒரு கரும்பட்டை. கண்கள் எட்டு. முன்னிருக்கும் பெருங்கண்கள் இரண்டும் உருவத்தை நுணுகிக் காணும். ஏனையவை சுற்றிலும் அசைவனவற்றைக் கண்காணிக்கும். விரலை நீட்டினால் திரும்பி நின்று நம்மை நோக்கும்! ஈயைக் கண்டால் பூனைபோல் பதுங்கி அணுகும். தாவுமுன் சுவரில் ஓர் இழையை ஒட்டிக்கொள்ளும். குறி தவறினால் அவ்விழையே அதனைத் தாங்கும்.

இத்தகைய உயிரை என் அன்னையார் ஒட்டடைக் கோலுடன் துரத்தி வந்தார். ஒரு மழைக்காலக் காலையில் அவர் கழுத்தில் தீச்சுட்டாற்போல் ஒரு கோடு கொப்புளித்திருந்தது. "சிலந்தி மூத்திரம் பெய்துவிட்டதடா" என்றார். ஒருவகைப் புண்ணுக்கே சிலந்தி என்று பெயரிட்ட மொழி நம்முடையது!

மருத்துவர் கூறிய காரணம் வேறு. இரவில் விளக்கொளி நாடி வரும் சிறு வண்டு ஒன்று உண்டு. எறும்பனைய நீண்ட உடல், செம்மஞ்சளும் கருமையும் மாறிமாறி வரும் நிறம். அது கடிப்பதில்லை. உறக்கத்தில் நாம் நசுக்கிவிட்டால், அதன் உடலிலுள்ள பெடரின் என்னும் நஞ்சு தோலைப் புண்ணாக்கும். மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளி, அவ்விடத்தைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். எரிச்சல் ஓரிரு நாள் கழித்தே தோன்றுவதால் வண்டு அகப்படுவதில்லை. பகலில் சுவரில் நிற்கும் சிலந்தி அகப்படுகிறது.

கோப்புகளோடு இருபதாண்டு பழகிய எனக்கு இது புதிதன்று. கண்ணில் பட்டவன் பெயரே குறிப்பில் முதலில் ஏறும்.

அன்னையார் எளிதில் ஏற்கவில்லை. ஒருநாள் ஆண் சிலந்தியின் முன் சிறு கண்ணாடியை நிறுத்தினேன். தன் நிழலைப் பகைவனென எண்ணி அது முன்கால்களை உயர்த்தி நின்றது. "இத்தனூண்டு உடம்புக்கு இவ்வளவு வீறாப்பா!" என்று அவர் சிரித்துவிட்டார்.

இப்போது மாலையில் விளக்கேற்றுமுன் ஜன்னலை அடைப்பவர் அவரே. ஒட்டடைக் கோல் மட்டும் அந்தச் சுவர்ப்பக்கம் போவதில்லை.