எந்தக் கமராவை வாங்குவது?

சாவகச்சேரியில் நடுவயதைக் கடந்தோர் பலரிடம் அவர்தம் இளமைக்காலப் படமொன்றுதானும் இல்லை. 2000 ஆம் ஆண்டுப் போரிலே நகரின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. தென்மராட்சி மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டு சென்றனர். திருமணப் படங்கள் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. மீண்டு வந்தோரிற் பலர் அலுமாரியையும் காணவில்லை, அது நின்ற அறையையும் காணவில்லை. இத்தகைய ஊரில், கையிலுள்ள சிறு தொகைக்குத் தக்க கமராவைத் தெரிவது வெறும் பொழுதுபோக்குச் சார்ந்த வினாவன்று.

பல்கலைக்கழகத்திற் பயிலும் பேத்தி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். மகாபொல உதவிப்பணத்தில் மிச்சம்பிடித்த தொகை அவளிடம் உண்டு. அம்மம்மாவின் முகத்தையும், உறவினர் வீடுகளில் தப்பியிருந்து கிடைத்த நான்கைந்து பழைய படங்களையும் பதிவுசெய்வதே அவள் நோக்கம். ஆனால் 2022 இல், சில மாதங்களுள், டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தது. பின்னர் அது சற்றுத் தணிந்தபோதிலும் இறக்குமதிப் பொருள்கள் பழைய விலைக்குத் திரும்பவில்லை. ஆகவே அவள் ஒவ்வொரு ரூபாவும் எதற்குச் செல்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

விற்பனையாளர் முதலிற் கூறுவது மெகாபிக்சல் எண்ணிக்கையையே. 1975 இல் கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் ஆக்கிய டிஜிட்டல் கமரா 10,000 புள்ளிகளாலான படத்தையே தந்தது. அதனை நாடாவிற் பதிவதற்கு 23 செக்கன் சென்றது. அக்காலத்திற் புள்ளிகளின் தொகை பெருங்குறையே. இன்றோ நிலை வேறு. நான்கிற்கு ஆறு அங்குல அளவிற் செவ்வையாக அச்சிட ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகள் போதும். ஏ4 தாள் முழுவதற்கும் 87 இலட்சம் போதும். எனவே 12 மெகாபிக்சலுக்கு அப்பாற் கொடுக்கும் பணம் இவள் தேவைக்குப் பெரும்பாலும் வீணே.

கருதவேண்டியது அப்புள்ளிகளைத் தாங்கும் ஒளியுணரியின் பரப்பாகும். மலிவான சிறு கமராக்களில் அது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளமும் 4.5 மில்லிமீற்றர் அகலமும் உடையது. வில்லை மாற்றத்தக்க தொடக்கநிலைக் கமராக்களிலோ ஏறத்தாழ 22க்கு 15 மில்லிமீற்றர். பரப்பிற் பத்து மடங்குக்கு மேல். மழைநீரைச் செம்பில் ஏந்துவதற்கும் கிடாரத்தில் ஏந்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுவாகும். அம்மம்மா மாலையில் அமரும் விறாந்தையில் ஒளி குறைவு. சிறிய உணரி அவ்வொளியில் முகத்தை மணல் தூவியதுபோலக் காட்டும்.

இத்தகைய கமரா விலைகூடியதன்றோ எனில், புதிதாயின் ஆம். ஆயினும் கானொன் 1100டி (2011), நிக்கொன் டி3100 (2010) போன்றவை இன்று பழைய பொருளாகக் கைமாறுகின்றன. 2010 இல் உலகில் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமராக்கள் அனுப்பிவைக்கப்பட்டன. 2023 இல் அத்தொகை 80 இலட்சத்துக்கும் குறைவு. கைபேசி வந்தபின் கைவிடப்பட்ட நல்ல கமராக்கள் பல. வாங்குமுன் வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். கடல்நீரேரியை அடுத்த ஊரின் ஈரக்காற்றில் வில்லையினுள்ளே வெண்ணிழைபோற் பூஞ்சணம் படர்வதுண்டு. ஷட்டர் எத்தனை முறை இயங்கியது, மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பனவும் வினவத்தக்கன. இவற்றோடு வரும் 18–55 வில்லை, 30 சென்ரிமீற்றருக்கும் குறைந்த தூரத்திலிருந்து பழைய படமொன்றைப் பிரதிசெய்ய உதவும். பிளாஷைத் தவிர்த்து, யன்னலோரப் பகலொளியில், படத்துக்கு நேர்ச்சமமாகக் கமராவைப் பிடித்தாற் போதும்.

கைபேசி இருக்க இது எதற்கு என்பார் உளர். செய்தியனுப்பவும் பற்றுச்சீட்டைப் படமெடுக்கவும் கைபேசியே மேல். முகத்தைப் பதிவதில் மட்டும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கைபேசியின் அகல்வில்லையை முகத்தருகே கொண்டுசென்றால் மூக்குப் பெரிதாயும் காது சிறிதாயும் தோன்றும். சில கைபேசிகள் கேளாமலே தோலின் சுருக்கங்களையும் மழுப்பிவிடுகின்றன. எண்பது ஆண்டு வாழ்வு எழுதிய கோடுகளை அழித்தபின் எஞ்சுவது அம்மம்மாவின் முகமாகாது. இரண்டு மீற்றர் விலகி நின்று, வில்லையின் நீண்ட முனையால் எடுத்தாலே அம்முகம் தன்னளவில் அமையும்.

எனினும் எத்துணைச் சிறந்த கமராவும் ஒரு பாதியையே செய்யும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது மறுபிரதி இல்லாத ஏடுகள் மீளாதழிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலக முயற்சி ஈழத்து எழுத்துகளைப் பலரும் பெறத்தக்க பிரதிகளாக்கி வருகிறது. ஒரு குடும்பத்துக்கும் அவ்வழியே வழி. கமராவினுள் இருக்கும் நினைவட்டையும் ஓர் அலுமாரியே. அதுவும் ஒருநாட் கைவிட்டுப்போகலாம். ஆகவே பேத்தி தன் தொகை முழுவதையும் கமராவுக்கே செலவிடலாகாது. ஒரு படியைச் சற்றுத் தாழ்ந்த கமராவை வாங்கி, மிகுந்த பணத்தில் ஒரு வன்தட்டையும் வாங்குவாளாக. ஒரு பிரதி சாவகச்சேரியில் இருக்கட்டும். மற்றையது வேறோர் ஊரில், உறவினர் வீட்டில் இருக்கட்டும்.