ஹாப்சாலு சால்வையில் ஒரு நாணல்

எஸ்டோனியாவின் மேற்குக் கரையில் உள்ள சிற்றூர் ஹாப்சாலு. 1825-இல் அங்கே கடற்சேற்றுக் குளியல் சிகிச்சை நிலையம் தொடங்கியது. அதன்பின் கோடைதோறும் ரஷ்யப் பிரபுக் குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. அவர்களுக்கு விற்க உள்ளூர்ப் பெண்கள் பின்னியதுதான் ஹாப்சாலு சால்வை. மெல்லிய கம்பளி நூலில் ஊசியால் பின்னும் லேஸ் அது. முழுச் சால்வையையும் ஒரு மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம். வேலைக்காகத் தாலினுக்குக் குடிவந்த நான், ஹாப்சாலுவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மூத்த ஆசிரியையிடம் இந்தக் கலையைக் கற்றேன்.

முதலில் பழக வேண்டியிருந்தது நூலோடு. 100 கிராமில் ஏறக்குறைய 1,400 மீட்டர் வரும் நூல். விரலில் இருப்பதே தெரியாது. நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தேன். அந்த இறுக்கம் ‘நுப்’ போடும்போது என்னைத் தடுத்தது. ஒரே கண்ணியிலிருந்து, ஒரு பின்னல், ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி ஏழு கண்ணிகள் எடுக்க வேண்டும். திரும்பி வரும் வரிசையில் ஏழையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். தடவினால் மிளகளவு புடைப்பாகக் கைக்குத் தட்டுப்படும்; அதுதான் நுப். சால்வை எடைக்கு விலைபோன காலத்தில் எடை கூட்ட வந்ததே நுப் என்பார்கள். இயந்திரத்தால் போட முடியாததால் கைவேலைக்கு அதுவே சான்று என்றும் சொல்வார்கள். என் ஏழு கண்ணிகளும் ஊசியை நெரித்துக்கொண்டு நின்றன. திரும்பி வரும்போது ஊசிமுனை ஆறில் நுழையும். ஏழாவது தப்பி, துணியின் பின்னால் தனி வளையமாகத் தொங்கும். ஆசிரியை அத்தனையையும் பிரிக்கச் சொன்னார். “நூலை அடக்காதே, ஓடவிடு” என்றார். ஒவ்வொரு கண்ணியையும் சற்று உயர இழுத்துவிட்டு, ஏழும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்க்கப் பழக்கினார். கை தளர்ந்த பிறகே ஊசி தடையின்றி நுழைந்தது.

பழைய வடிவங்களில் தேறிய பிறகு, சொந்தமாக ஒன்றை வடிவமைக்கச் சொன்னார். இலை, லில்லி ஆஃப் த வேலி பூ என்று அந்த ஊரார் கண்ணில் பட்டதெல்லாம் சால்வையில் ஏறியிருக்கிறது. ஸ்வீடன் பட்டத்து இளவரசர் 1932-இல் வந்துபோனதற்குக்கூட ஒரு வடிவம் உண்டு. நான் ஹாப்சாலு விரிகுடா ஓரத்தில் அடர்ந்து நிற்கும் நாணலைத் தேர்ந்தெடுத்தேன்.

கட்டம் போட்ட தாளில் துளைகளை வரிசையாக வைத்துத் தண்டையும் கதிரையும் வரைந்தேன். பின்னி முடித்த துண்டை நீட்டினால் ஆசிரியை பார்க்க மறுத்தார். துவைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்த பிறகே லேஸைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர் விதி. காய்ந்ததும் துளைகள் மட்டுமே தெரிந்தன; நாணல் எங்குமில்லை. “துளையால் வரையாதே. துளைகளுக்கு நடுவே நிற்கும் துணிதான் உன் நாணல்” என்றார்.

அடுத்து வந்த துண்டுகளில் தண்டு தெரிந்தது, ஆனால் கம்பி நட்டதுபோல் விறைப்பாக நின்றது. வளைத்துக் காட்ட நான் துளைகளைப் படிப்படியாக நகர்த்தினேன். கோடு உடைந்து உடைந்து போனது. அப்போது அவர் பழைய இலை வடிவத்தின் மாதிரித் துண்டை எடுத்து, என் விரலை அதன்மேல் வைத்தார். ஊசிமேல் நூலைச் சுற்றினால் ஒரு துளை விழும், ஒரு கண்ணி கூடும். அதை ஈடுகட்ட இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். அந்தக் குறைப்பைத் துளைக்குப் பக்கத்திலேயே செய்வதாகத்தான் என் வரைபடம் முழுவதும் இருந்தது. இலையிலோ குறைப்பு நாலைந்து கண்ணி தள்ளி இருந்தது. இடையில் உள்ள கண்ணிகள் எல்லாம் சேர்ந்து சாய்ந்திருப்பதை விரல் உணர்ந்தது. குறைப்பைத் தள்ளி வைத்தேன். நாணல் காற்றுக்கு வளைந்தது.

ஒரு நாணல் சரியாக வந்துவிட்டதால் சால்வையே வந்துவிடாது. அதையே திரும்பத் திரும்பப் பின்னியபோது எல்லாத் தண்டுகளும் ஒரே பக்கம் இழுத்தன. சதுரமாக இருக்க வேண்டிய துணி கோணியது. எத்தனை குண்டூசி குத்தினாலும் நேராகவில்லை. ஒரு பட்டை இடமும் அடுத்த பட்டை வலமுமாகச் சாய்வை மாற்றியதும் இழுப்பு சமமானது. கதிர் செழிப்பாக இருக்கட்டும் என்று நெருக்கமாக வைத்த நுப்புகள் துணியைச் சுருக்கின. ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். எடுக்க எடுக்கக் கதிர் தெளிவானது.

முடிந்த வரைபடத்தை இன்னொரு மாணவியிடம் கொடுத்து, நான் வாய் திறக்கக் கூடாது என்றார். அவள் தயங்கிய இடமெல்லாம் நான் திருத்த வேண்டிய இடமாயிற்று. அதன் பிறகே நடுப்பகுதியைப் பின்னி, தனியாகப் பின்னிய ஓர லேஸை மரபுப்படி அதைச் சுற்றித் தைத்தேன். ஆசிரியை சால்வையின் இருபுறமும் தடவிப் பார்த்து, ஊரின் பழைய வடிவங்களோடு இதையும் மாணவிகளுக்குக் கற்றுத்தரப்போவதாகச் சொன்னார். அதைவிடப் பெரிய மதிப்பு எனக்கு வேறில்லை.

இப்போது அங்கே சிலர் என் நாணலைப் பின்னுகிறார்கள். அவர்களில் ஒருத்தி குறைப்பை இன்னும் ஒரு கண்ணி தள்ளி வைத்திருக்கிறாள். தண்டு என்னுடையதைவிட அழகாக வளைகிறது. என் வரைபடத்தையும் அப்படியே மாற்றி எழுதிவிட்டேன்.