நீலகிரிக்கு நான் போட்ட மழைப் படம்

நீலகிரி மாவட்டத்துக்கு நான் செய்துகொடுத்த மழை வரைபடம் பொய். தெரிந்தேதான் செய்தேன்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான தினசரி மழையளவைக் கட்டம் கட்டமாகத் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் கால் பாகை, ஏறக்குறைய 27 கிலோமீட்டர். உள்ளே சுமார் 750 சதுர கிலோமீட்டர் நிலம். அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண். நீலகிரியின் மொத்தப் பரப்பே சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த அவலாஞ்சியும், மலை மறைவில் காயும் மசினகுடியும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கோத்தகிரியும் விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

நான் எடுத்துக்கொண்ட இந்தத் தரவைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால் பெரிய பெரிய சதுரங்களாகத் தெரியும். எனக்கு அது வெட்கமாக இருந்தது. இதற்கா கூலி என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் கூட. ரெசாம்ப்ளிங் என்ற இடத்தில் 'நியரஸ்ட் நெய்பர்' என்றிருந்ததை 'க்யூபிக்' என்று மாற்றினேன். சதுரங்கள் கரைந்தன, நீலமும் பச்சையும் மலைச்சரிவில் இழைந்து இறங்கின. அந்த அமைப்பில் மென்பொருள் மழையளவைக்கூடக் கணக்கிடுவதில்லை, பக்கத்துப் பக்கத்து நிறங்களைத்தான் கலக்கிறது. மலை எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது. அதன்மேல் ஊர் எல்லைகளையும் போட்டேன். ஊருக்கு ஊர் மழையை அளந்து வைத்ததுபோல் ஆகிவிட்டது.

படத்தைக் காட்டிய கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்தார். "எங்க ஊர்ல மழைமானியே இல்லீங்களே, இந்தக் கணக்கு எப்படிங்க வந்துச்சு?"

"சாட்டிலைட்ல வர்றதுங்க ஐயா" என்றேன்.

தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தரவில் சாட்டிலைட்டே கிடையாது. முழுக்க மழைமானிக் கணக்கு. அன்று அந்த அறையில் கேட்கவேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவர் அவர். அவரைத்தான் வாயடைத்தேன். படத்தில் செய்ததைவிட இதுதான் என்னை அதிகம் அறுக்கிறது.

இப்போது சதுரங்களைச் சதுரங்களாகவே விடுகிறேன். மழைமானி உள்ள இடங்களில் புள்ளி வைக்கிறேன். புள்ளி இல்லாத ஊரைப் பற்றிக் கேட்டால், அங்கே அளக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பழைய படம் அச்சாகிப் பல கைகளுக்குப் போய்விட்டது. உங்களிடம் இருந்தால், அதைப் பார்த்து எந்த ஊருக்கும் பயிரையோ தடுப்பணையையோ முடிவுசெய்யாதீர்கள்.